கனாவும் பள்ளிக்கூடமும்

பள்ளிக்கூடத்தைக் களமாகக் கொண்டு தமிழில் வந்த தொலைக்காட்சித் தொடர்களுள் ‘கனா காணும் காலங்கள்’ பெற்ற செல்வாக்கை வேறெதுவும் பெற்றதில்லை எனலாம். 2006ஆம் ஆண்டு விஜய் தொலைக்காட்சியில் தொடங்கி 2009 வரை அது நடந்தது. பின்னர் கல்லூரிக் கதையாகவும் கிளைத்தது. 2022இல் ஹாட்ஸ்டார் தளத்தில் புதிய நடிகர்களோடு மறுபிறவியும் எடுத்தது. தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியரின் நட்பும் பிணக்கும் முதற் காதலின் தடுமாற்றமுமே அதன் பொருள். பெயரைக்கூட 2004இல் வெளிவந்த ‘7ஜி ரெயின்போ காலனி’ திரைப்படத்தின் பாடலிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். சென்னையில் உருவான இத்தொடர், பசறையிலும் ஹாலி-எலயிலும் நமுனுகுல மலைச்சரிவிலும் உள்ள லயக் காம்பராக்களுக்குள்ளே, தகரக் கூரையில் கட்டிய டிஷ் வழியாக வந்து சேர்ந்தது. மார்கழி மழையில் படம் துண்டு துண்டாக உடைந்தாலும் விடாமல் பார்த்த பிள்ளைகளிற் பலர் இன்று இதே மாவட்டத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் ஆசிரியர்கள். நாமும் அவர்களுள் அடக்கம். ஆகவே இது வெளியாள் ஒருவரின் கண்டனம் அன்று.

சின்னத்திரைத் தொடரையெல்லாம் இலக்கிய ஏட்டில் ஆராய்வதா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. மலையகத்தில் பத்துப் பேர் ஒரு சிறுகதையைப் படிக்கின்ற நேரத்தில் ஒரு தோட்டமே ஒரு தொடரைப் பார்த்து முடித்துவிடுகிறது. மக்கள் உள்ளத்தில் கருத்துக்களை விதைக்கும் கலை எதுவாயினும் அதனை ஆராய்வது நம் கடமை. ஏளனம் செய்து விலகுவது எளிது. அதனால் ஒரு பெட்டியும் அணைக்கப்படப் போவதில்லை.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். மாமியாரின் சூழ்ச்சியும் மருமகளின் கண்ணீருமே மாலை நேரத்தை ஆண்டுகொண்டிருந்த காலத்தில், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளின் பேச்சுக்கும் ஒரு மதிப்பு உண்டு என இத்தொடர் காட்டிற்று. அதில் தோன்றியவர்கள் அன்று பெயரறியப்படாத இளைஞர்கள். வெள்ளித்திரை நாயகர்களுக்குரிய பளபளப்பு அவர்களிடம் இருக்கவில்லை. கறுத்த முகமும் தடுமாறும் பேச்சும் கொண்ட பையன்கள் திரையின் நடுவே நின்றார்கள். பெண் பிள்ளையும் ஆண் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருந்து, சிரித்து, சண்டையிட்டு, தோழமையோடு வாழலாம் என்ற செய்தி, மகளைப் பெரிய பிள்ளையானதும் பாடசாலையிலிருந்து நிறுத்திவிட நினைக்கும் வீடுகளுக்குள்ளும் சென்றது. இதைச் சிறிய காரியம் என்று நாம் கருதவில்லை.

ஆனால் ஏதேனும் ஓர் இரவின் பகுதியை எடுத்து அமைதியாகப் பாருங்கள். வகுப்பறை, தாழ்வாரம், விளையாட்டுத் திடல். ஒரு கடிதம் கைமாறுகிறது, அல்லது ஒரு சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. நண்பர்கள் இரு கட்சியாகிறார்கள். ஆசிரியர் ஒருவர் கண்டிக்கிறார் அல்லது கேலிக்கு ஆளாகிறார். ஒரு முகம் உறைந்து நிற்க, இசை எழுந்து, மீதி நாளைக்கு என்று முடிகிறது. இங்கே பள்ளிக்கூடம் செய்வது என்ன? காட்சிக்குப் பின்னால் நிற்கிறது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளைக் கடற்கரையிலோ கடைத்தெருவிலோ சந்திக்க வைத்தாலும் கதை பெரிதாக மாறாது. கரும்பலகை இருக்கிறது; அதில் எழுதப்படுவது கதைக்குத் தேவைப்படுவதில்லை. பரீட்சை வருகிறது, ஆனால் அதில் தோற்றவன் எங்கே போவான் என்று கதை கேட்பதில்லை. இத்தகைய தொடர்களில் ஏழை மாணவன் வராமல் இல்லை. வருவான், அவனுடைய ஏழ்மை நண்பர்களின் பெருந்தன்மையைக் காட்டப் பயன்படும், சில நாட்களில் மறக்கப்படும். பள்ளிக்கூடம் என்பது மழையும் வெயிலும்போல எல்லோருக்கும் இயல்பாகக் கிடைத்துவிட்ட ஒன்று என்பதே இக்கலையின் அடிப்படை நம்பிக்கை.

அந்த நம்பிக்கைதான் நம்மை உறுத்துகிறது. ஏனெனில் நம் மண்ணில் பள்ளிக்கூடம் இயல்பாகக் கிடைத்ததன்று. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கிற்று. கொழுந்து பறிக்கும் கைகளை உடையவனிடமே அக்கைகளுக்கு எழுதுகோல் கொடுக்கும் வேலையையும் ஒப்படைத்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது: ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது நாடு கொண்டாடியது. தோட்டப் பாடசாலைகள் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றன. 1948இல் குடியுரிமையும் போயிற்று. அரசு இப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். பதுளை நகரத்துத் தமிழ்ப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் பாட்டிக்கு அனேகமாகக் கையெழுத்துப் போடத் தெரியாது. அந்தப் பிள்ளை அங்கு வந்து அமர்ந்ததே ஒரு பெருங்கதை. விடியுமுன் மலையிறங்கி, பஸ்ஸுக்கு நின்று, அட்டைக் கடியில் நனைந்த காலுறையோடு வகுப்புக்குள் நுழைகின்ற அந்த நிமிடத்தில் முடிந்துவிடுகின்ற கதை. தொடரோ அந்த நிமிடத்திற்குப் பின்னர்தான் தொடங்குகிறது.

சீருடையைப் பற்றியும் ஒரு சொல். இலங்கையிலே அரசு கொடுக்கும் வெள்ளைத் துணிதான் எல்லோருக்கும். அத்தொடரைப் பார்த்து வளர்ந்த நம் தலைமுறைக்குக் கழுத்துப் பட்டியும் நிறச் சீருடையும் ஒரு ஏக்கமாகவே இருந்தன. மச்சான் என்று அழைத்தவர்கள் மச்சி என்று அழைக்கத் தொடங்கினோம். இழிசனர் வழக்கென்று பண்டிதர்கள் பழித்த மக்கள் பேச்சைத் தமிழ் இலக்கியத்தில் நிலைநாட்ட 1960களில் இந்நாட்டு முற்போக்கு எழுத்தாளர்கள் போராடினார்கள். அந்தப் பேச்சை இன்று எவ்வித விவாதமும் இன்றிச் சென்னைப் பேச்சு விழுங்கிக்கொண்டிருக்கிறது. இது வேறு கட்டுரைக்குரிய பொருள்; விட்டுவிடுவோம்.

நாம் சொல்ல வந்ததற்குச் சான்று அத்தொடரின் நடிகர்களிடமே இருக்கிறது. அத்தொடரில் மாணவனாகத் தோன்றி மக்களைச் சிரிக்க வைத்த பாண்டி, 2010இல் வசந்தபாலன் இயக்கிய ‘அங்காடித் தெரு’வில் மாரிமுத்துவாக வந்தார். அதே தொடரில் நடிக்கத் தொடங்கிய ஸ்ரீ, 2012இல் பாலாஜி சக்திவேல் இயக்கிய ‘வழக்கு எண் 18/9’ படத்தில் வேலு என்ற நடைபாதைக் கடைத் தொழிலாளியானார். இதை வெறும் தற்செயல் என்று சொல்லலாம். நடிப்புத் தொழிலில் ஒருவர் எந்த வேடமும் ஏற்பது வழக்கந்தானே. ஆனால் தொடரையும் இந்த இரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கின்றவருக்கு, சின்னத்திரை பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்ட பிள்ளைகளை, அதே முகங்களைக் கொண்டே பெரிய திரை உள்ளே அழைத்ததுபோல் தோன்றும்.

‘அங்காடித் தெரு’ எங்கே தொடங்குகிறது? தெற்குச் சீமைக் கிராமம் ஒன்றில், பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் எடுக்கும் பையன் லிங்கு. கொத்தனாரான அவனுடைய தந்தை காவலற்ற ரயில் கடவையில் மாண்டுபோகிறார். அந்த ஒரு சாவோடு மதிப்பெண் பட்டியல் வெறுங்காகிதமாகிறது. நண்பன் மாரிமுத்துவையும் அழைத்துக்கொண்டு சென்னை ரங்கநாதன் தெருத் துணிக்கடைக்கு அவன் வேலைக்குப் போகிறான். அந்தக் கடைக்கு ஆள் பிடிப்பவர்களுக்கு வேண்டியவர்கள் வேறு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள்; அவர்கள்தாம் அடித்தாலும் திரும்பிப் போகமாட்டார்கள். நாள் முழுதும் நின்றே செய்யும் வேலை, ஒரே கூடத்தில் அடைந்து படுக்கும் இரவு, முட்டி மோதிப் பெறும் சோறு, மேற்பார்வையாளனின் கை. தொடரில் நண்பர்களைச் சிரிக்கவைத்த அதே பாண்டி இங்கேயும் சிரிக்கவைக்கிறார். ஆனால் அங்கே அச்சிரிப்பு பொழுதுபோக்கு. இங்கே அது உயிர் தரித்திருப்பதற்கான ஒரே உபாயம். ஒரே நடிகரின் ஒரே திறமை, வைக்கப்பட்ட இடம் மாறியதும் பொருள் மாறிவிடுகின்ற விதத்தை மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைத்ததில்லை.

‘வழக்கு எண் 18/9’ இன்னும் கடுமையானது. கடனில் மூழ்கிய உழவர் குடும்பம் சிறுவன் வேலுவை வடநாட்டிலுள்ள முறுக்குக் கூடம் ஒன்றுக்கு அனுப்புகிறது. பெற்றோர் இறந்த செய்திகூட அவனுக்கு மறைக்கப்படுகிறது. செய்தி தெரிந்தால் வேலை நின்றுவிடுமே! பள்ளிக்கூடம் அவன் வாழ்க்கையிலிருந்து இவ்வாறு பிடுங்கப்படுகிறது. அதே படத்தில் இன்னொரு பையன் இருக்கிறான். அவன் பள்ளி மாணவன்; கையிலே விலையுயர்ந்த கைப்பேசி; அவனுடைய தாய் ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்துபவள். தன்னை விரும்பிய பெண்ணை அவள் அறியாமற் படமெடுத்து நண்பர்களிடையே உலவவிடுகின்றவனும், பின்னர் அமிலத்தைக் கையிலெடுக்கின்றவனும் அவன்தான். பழியோ வேலுவின் தலையில் விழுகிறது. பள்ளி மாணவரின் காதல் என்ற அதே பொருள்தான். ஆனால் அந்தக் காதலுக்குப் பின்னால் யாருடைய பணம், யாருடைய செல்வாக்கு, யாருடைய காவல் நிலையம் என்று இப்படம் கேட்டுவிடுகிறது. இரவு தோறும் வரும் தொடர் மூன்றாண்டுகள் நடந்தும் கேட்காத கேள்வி இது.

பதுளை வாசகருக்கு ரங்கநாதன் தெருவை விளக்க வேண்டியதில்லை. அது நமக்குப் புறக்கோட்டை. சாதாரண தரப் பரீட்சை முடிந்த மறுவாரமே இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ கொழும்புக்கு ஏறும் பையன்களை நாம் ஆண்டுதோறும் வழியனுப்புகிறோம். மதுல்சீமையிலும் லுணுகலையிலும் ‘கடைக்குப் போயிட்டான்’ என்றால் போதும். எந்தக் கடை, என்ன சம்பளம், எங்கே படுக்கை என்று எவரும் கேட்பதில்லை. பெறுபேறு வருகின்றபோது பையன் துணிக்கட்டுக்குப் பின்னால் நிற்கிறான். நன்றாகச் சித்தியடைந்தும் திரும்பி வராத பிள்ளைகளின் பெயர்கள் உயர்தர வகுப்பு இடாப்பில் ஏறுவதேயில்லை. ஏறாத பெயரை யாரும் வெட்டவும் வேண்டியதில்லை. ஆசிரியரின் கணக்கில் அது இடைவிலகலாகக்கூட வராது.

பொழுதுபோக்கில் இதையெல்லாம் எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். சென்ற 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட ‘அடலசன்ஸ்’ என்ற ஆங்கிலத் தொடரின் இரண்டாம் பகுதியை அதற்கு விடையாகச் சொல்லலாம். நான்கே பகுதிகள், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒற்றைக் காட்சி. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் சக மாணவியைக் கொன்றதாகக் கைதாகிறான். இரண்டாம் பகுதியில் இரு துப்பறிவாளர் அவனுடைய பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். கமெரா அவர்களோடு தாழ்வாரம் தாழ்வாரமாக நடக்கிறது. கத்திக் களைத்த ஆசிரியர்கள், கட்டுக்கடங்காத வகுப்புக்கள். கைப்பேசியில் பிள்ளைகள் இடும் சின்னங்களின் பொருள் அங்கே பெரியவர் எவருக்கும் விளங்கவில்லை. துப்பறிவாளரின் சொந்த மகன், அதே பள்ளியில் படிப்பவன், தகப்பனுக்கு அதை விளக்குகிறான். இங்கே பள்ளிக்கூடம் திரைச்சீலையாக நிற்கவில்லை; அதுவே சாட்சி, ஓரளவுக்கு அதுவே குற்றவாளி. பார்ப்பவர் மூச்சுவிட மறந்துதான் பார்க்கிறார். சுவை ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்நாட்டு அரசே அதனை இடைநிலைப் பாடசாலைகளில் இலவசமாகக் காட்டும் ஏற்பாட்டை வரவேற்றது. ஆயினும் அதன் கேள்விகள் அந்நாட்டுப் பிள்ளைகளின் கேள்விகள். நம் பிள்ளைகளின் கேள்வியை வேறு யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

கேட்கக் கூடியவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். ஊவாவிலே பிறந்து, பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் ஆசிரியராகப் பணிசெய்து, அந்தத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர் தெளிவத்தை ஜோசப். 2022இல் மறைந்த அவர், ‘நாமிருக்கும் நாடே’ தொகுதியில் லயத்தின் ஓர் அறைக்குள் எத்தனை வாழ்க்கைகள் நெருக்கி அடைக்கப்பட்டிருக்கின்றன என்று எழுதினார். 1975இல் வந்த ‘புதிய காற்று’ என்ற மலையகத் திரைப்படத்துக்கும் எழுத்துப் பணி செய்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன், இத்தனை கருவிகள் இல்லாத காலத்தில், மலையகத்தைத் திரையில் காட்ட முடிந்திருக்கிறது. இன்று உயர்தர வகுப்பில் ஒவ்வொரு மேசைக்கும் அடியில் ஒரு கமெரா ஒளிந்திருக்கிறது, அதிபருக்குத் தெரியாமல்தான்.

சென்ற தவணையில் நம்முடைய உயர்தரக் கலைப்பிரிவு மாணவர்களிடம், நம் பாடசாலையைப் பற்றித் தொடருக்கு ஒரு பகுதி எழுதித் தருமாறு கேட்டோம். காதற் கடிதங்கள் வந்து குவியும் என்றுதான் நினைத்தோம். வந்தவை நான்கைந்தே, அவையும் தொடரிலிருந்து இரவல் வாங்கியவை. ஏனையவற்றில் பஸ் வந்தது, வராத பஸ் அதைவிட அதிகமாக வந்தது. கைக்காசுக்காக ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போன அம்மா வந்தாள். விஞ்ஞானப் பிரிவு படிக்க விரும்பியும் தங்கிப் படிக்க வழியில்லாமல் கலைப்பிரிவுக்கு வந்த கதையை ஒரு மாணவி மூன்றே வரியில் எழுதிவிட்டு, ‘இதில் காட்சி எதுவும் இல்லை, சேர்’ என்று அடியில் குறித்திருந்தாள். ஒரு மாணவன் தீபாவளிக்கு முதல் நாள் இரவை எழுதியிருந்தான். கொழும்புக் கடையிலிருந்து அண்ணன் வருகிறான். வீட்டார் எல்லோருக்கும் உடுப்பு. தம்பிக்கு மட்டும் பெரிய பொதி. பிரித்தால் உள்ளே வெள்ளைத் துணி. அண்ணன் சொல்கிறான்: ‘கடையில இத ஒரு நாளைக்கு நூறு முழம் கிழிக்கிறேன்டா. நீ உடுத்திட்டு ஸ்கூலுக்குப் போ.’ தம்பி என்ன பதில் சொன்னான் என்று அவன் எழுதவில்லை. கேட்டோம். அடுத்த பகுதியில் எழுதுகிறேன் என்றான்.