கர்ப் கல்லில் ஓர் இடைவெளி

அலுவலக வளாகத் தோட்டம் என்றால் எல்லோரும் முகப்பைத்தான் காட்டுவார்கள். நான் நேரே கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விடுவேன். மழை மொத்தமாக வந்து விழுவது அங்கேதான். அதை என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால் தோட்டம் போட்டவரின் கைவண்ணம் தெரிந்துவிடும்.

சென்னையில் சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஒரு வளாகத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அங்கே கார் வரிசைகளுக்கு நடுவில் ஒரு நீளப் பாத்தி, தார்த் தரையைவிட ஒரு சாண் தாழ்வாக. ஓரத்துக் கர்ப் கல்லில் ஆறடிக்கு ஒரு கையகல இடைவெளி. உள்ளே வரிசையாகப் புன்னை. இத்தனை வருடத்தில் இதைவிட அழகான வேலையை நான் எந்த வளாகத்திலும் பார்க்கவில்லை.

ஐப்பசியின் முதல் மழையில் அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். டீ கப், சிகரெட் துண்டு, வண்டி சிந்திய எண்ணெய் என்று எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் காபி நிறத்தில் வரும். கல்லிடுக்கில் ஒரு சுழி சுழித்து உள்ளே இறங்கும். வாயில் கொட்டியிருக்கும் கூழாங்கல்லில் வேகம் அடங்கி, சருகுக்கு அடியில் ஓசையில்லாமல் பரவும். மறுநாள் காலையில் பாத்தியில் சொட்டுத் தண்ணீர் நிற்காது. சருகைப் புரட்டினால் மண் மட்டும் குளிர்ந்திருக்கும்.

அந்தச் சருகைப் பற்றியும் சொல்ல வேண்டும். தடித்த புன்னையிலை காய்ந்ததும் தோணிபோல வளைந்துகொள்ளும். ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தாலும் படிந்து இறுகாது. இடையில் காற்று போகும். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுநரம்பிலிருந்து நெருக்க நெருக்கமாக ஓடும் கோடுகள் தறியில் இழை கட்டியதுபோல் தெரியும். வெயில் காலத்தில் மண்ணுக்கு இதைவிட நல்ல மூடாக்கு எது?

அங்கிருந்த தோட்டக்காரப் பெரியவர் செய்யாற்றுக்காரர். "ஏன்யா குப்பையைக் கூட்டல?" என்று அட்மினில் ஒருவர் கேட்டபோது, "கூட்டிக் குடுத்துட்டு, அப்புறம் உரத்துக்குக் காசு கேட்டு உங்ககிட்டத்தானே சார் வரணும்?" என்றார்.

புல்வெளிப் பிரியர்கள் நண்பர்களிலேயே நிறைய. பரந்த பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் கோடையில் ஒரு ஏக்கர் கொரியன் புல்லுக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் இருபதாயிரம் லிட்டர் போகும். 2019 ஜூனில் பழைய மாமல்லபுரம் சாலையில் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்ன நிறுவனங்கள் இருந்தன. அந்த மாதத்திலும் எங்கள் புன்னைகளுக்கு யாரும் குழாய் பிடிக்கவில்லை. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் அடித்தபோது முகப்பிலிருந்த மயிற்கொன்றைகள் வேரோடு சாய்ந்தன. புன்னைகள் இலைகளை மட்டும் இழந்து நின்றன.

மியாவாக்கி அடர்வனம்தான் இப்போது எல்லோர் வாயிலும். சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகளை நெருக்கி நட்டு, ஈராண்டில் சுவர்போல் எழுப்பிப் படம் எடுக்கிறார்கள். உழைப்பை மதிக்கிறேன். எனக்கு ஒரு மரத்தைச் சுற்றி நடந்து பார்க்க இடம் வேண்டும்.

புன்னை மெதுவாக வளரும். திறப்பு விழாவுக்குள் நிழல் தராது. அதனால்தான் வளர்ந்த பனைவகைகளைக் கிரேனில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். மதில் ஓரத்துக்குக் கோனோகார்பஸ். குஜராத் 2023இல் தடை செய்த செடி அது. பாத்தியையோ ஆமை முதுகுபோல் மேடாக்கி விடுகிறார்கள். மழை வந்தால் செம்மண் சாலைக்கு ஓடுகிறது, தண்ணீர் சாக்கடைக்கு. இந்தத் தோட்டங்களுக்குப் பசுமைச் சான்றிதழ் வரவேற்பறையில் சட்டம் போட்டுத் தொங்குவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

போன மாதம் பழைய வளாகத்துக்குப் போயிருந்தேன். பெரியவர் ஊருக்குப் போய்விட்டாராம். கொசு வரும் என்று கர்ப் இடைவெளிகளைச் சிமெண்ட் பூசி அடைத்திருக்கிறார்கள். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரமாவது தண்ணீர் நிற்க வேண்டும். அங்கே ஒரு நாள்கூட நின்றதில்லை. புன்னைக்கு அடியில் மண்ணைச் சுத்தமாகக் கூட்டி, கோலம் போடலாம்போல் வைத்திருந்தார்கள். கேண்டீனுக்குப் பின்னால் மட்டும் ஒரு வாய் அடைபடாமல் தப்பியிருக்கிறது. அதில் ஒரு தண்ணீர் பாட்டில் சிக்கிக் கிடந்தது. எடுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.