பேணியும் டப்பாவும்

காலியான பொருளை உண்டியலாக்கும் வழக்கம் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் உண்டு. கிடைக்கும் பொருள்தான் வேறு. தமிழ்நாட்டில் பவுடர் டப்பா; யாழ்ப்பாணத்தில் ரின்பால் பேணி, இல்லையேல் குழந்தைப் பால்மாப் பேணி. பால்மாவுக்குப் பெரும்பாலும் நியூசிலாந்தையே நம்பியிருக்கும் நாட்டில் பேணிக்கு என்ன பஞ்சம்?

செய்முறை ஒன்றே. மூடியில் உளி வைத்து வெளியிலிருந்து ஓங்கி ஒரு கீறல், விளிம்பைச் சுற்றி ஈயப் பற்று. கீறலின் ஓரம் உள்நோக்கி மடிந்து நிற்பதால் கவிழ்த்துக் குலுக்கினாலும் காசு எளிதில் வராது. ஓரத்தைத் தேய்த்து மழுக்கிவிட்டால் வந்துவிடும். ஈர்க்குச்சியை விட்டுச் சரித்துச் சரித்துக் காசை இறக்கும் பிள்ளைகளுக்கு இது இரண்டு நாட்டிலும் தெரியும்.

அவர்களைத் தடுப்பது ஈயமல்ல, நேர்த்திக்கடன். தமிழகத்து வீடுகளில் அதே டப்பா மஞ்சள் துணி சுற்றித் திருப்பதிக்கென்று வைக்கப்பட்டால் யாரும் தொடமாட்டார்கள். ஈழத்தில் நயினாதீவுக்கோ கதிர்காமத்துக்கோ முடிந்து வைத்த காசுக்கும் அதே காவல்.

வங்கிகள் நுழைந்த விதத்தில்தான் இரு நாடுகளும் பிரிகின்றன. இலங்கையில் வங்கிகள் பிள்ளைகளின் கணக்கோடு உண்டியலையும் கொடுத்துப் பழக்கின. வண்ண வண்ண பிளாஸ்டிக் வந்தபின் பேணியின் மவுசு குறைந்தது. இந்தியாவிலும் வங்கிகள் உண்டியல் கொடுத்ததுண்டு. ஆனால் அங்கே பெரிய யோசனை வேறு: 1928இல், பின்னாளில் சிண்டிகேட் வங்கியான நிறுவனம், ‘பிக்மி’ திட்டத்தில் தினமும் 2 அணாவை வாசலுக்கே ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டது. பள்ளிகளில் ‘சஞ்சயிகா’ சேமிப்புத் திட்டம் அதே வேலையைச் செய்தது. பெட்டி வீட்டுக்கு வருவதைவிட ஆள் வருவதே நம் ஊருக்குப் பொருத்தம் என்பேன். ஆளிடம் பொய் சொல்ல வெட்கம் இருக்கும்.

பழைய மரத்தில் உண்டியல் செய்தால் எப்படி? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இடித்த வீட்டுப் பர்மா தேக்கும் பழைய கல்லாப்பெட்டியும் விலைக்குக் கிடைக்கும். இலங்கைச் சுற்றுலாக் கடைகளில் சிரட்டைக்கு மெருகேற்றி உண்டியலாக்கி வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அடியில் திருகாணியைக் கழற்றித் திறக்கும் உண்டியலில் எவ்வளவு தேறும் என்று எனக்குச் சந்தேகம்.

பத்திரமாகச் சேர்த்தவருக்கும் இரு நாட்டிலும் நட்டம் வந்தது, வெவ்வேறு வழியில். இந்தியாவில் 2011 ஜூன் 30 முதல் 25 காசும் அதற்குக் கீழானவையும் செல்லாமல் போயின. தாமதமாக உடைத்த டப்பாவில் மிஞ்சியது உலோகம். இலங்கையில் காசு செல்லும், ஆனால் 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. பேணி நிறையும் முன்பே அதிலிருந்த சில்லறையால் ஒரு பால்மாப் பக்கெற்றுக்கூட வாங்க முடியாத நிலை.