மெட்டில் வைத்துப் பார்த்த சஞ்சார் சாத்தி

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. தேசிய நெடுஞ்சாலை 85 இங்கேதான் மாநிலம் மாறி இடுக்கி மாவட்டத்துக்குள் நுழைகிறது. இங்கே நின்றால் கைபேசி ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், ஒரு நேரம் கேரள டவரைப் பிடிக்கும். எந்த டவராக இருந்தாலும் வந்து சேரும் குப்பை ஒன்றுதான்: உடனடிக் கடன், காலாவதியான கேஒய்சி, இன்றிரவு துண்டிக்கப்படும் மின்சாரம், விவசாயி உதவித்தொகை என்று பெயர் வைத்து, தொட்டால் செயலியை நிறுவிவிடும் ஏபிகே கோப்பு. விடிவதற்கு முன்னே போடியிலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குக் கிளம்புகிறவருக்கும், கேரளப் பக்கத்துப் பூப்பாறையில் கணக்கு எழுதுகிறவருக்கும், போடியில் ஏலக்காய் வாங்கி விற்கிற வியாபாரிக்கும் இது பொதுத் தொல்லை. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி செயலி இந்த மனிதர்களுக்கு எவ்வளவு பயன்படும் என்று பார்ப்பதற்காகவே இதைப் போடிமெட்டில் வைத்துப் பயன்படுத்தினேன்.

2023 மே மாதம் இணையதளமாகத் தொடங்கியது இது. மோசடி அழைப்புகளைப் புகார் செய்யும் ‘சக்‌ஷு’ வசதி 2024 மார்ச்சில் சேர்ந்தது. கைபேசிச் செயலி 2025 ஜனவரியில் வந்தது. கட்டணம் கிடையாது. தமிழிலும் மலையாளத்திலும் மாற்றிக்கொள்ளலாம், இந்த எல்லைக்கு அது பெரிய சௌகரியம். ஆண்ட்ராய்டில் நிறுவினால், உங்கள் எண்ணை உறுதிசெய்ய 14422 என்ற எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ் போகும். அழைப்புப் பட்டியல், குறுஞ்செய்திகள், கேமரா, கோப்புகள் ஆகியவற்றுக்கும் அனுமதி கேட்கும். ஐபோனில் கேமராவும் படங்களும் மட்டும்தான். அழைப்புப் பட்டியலைக் கொடுக்கத் தயங்குகிறவர்கள் செயலியே இல்லாமல் இணையதளத்திலிருந்தும் முக்கியமான வேலைகளைச் செய்துகொள்ளலாம். புதிய கைபேசிகள் எல்லாவற்றிலும் இதை முன்கூட்டியே பதித்துத் தர வேண்டும் என்று 2025 நவம்பர் இறுதியில் போட்ட உத்தரவை, எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3-ஆம் தேதி அரசு விலக்கிக்கொண்டது. விலக்கியது சரி. இப்படிப்பட்ட கருவியை அவரவர் விருப்பப்பட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

செயலியில் என்னை மிகவும் கவர்ந்தது குப்பைச் செய்தி சம்பந்தப்பட்ட பகுதியே அல்ல. ‘என் பெயரில் உள்ள மொபைல் இணைப்புகள்’ என்ற பகுதிதான். உங்கள் அடையாள ஆவணத்தை வைத்து எத்தனை சிம் எடுக்கப்பட்டிருக்கிறது என்று அது பட்டியல் போடும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று பதில்கள்: ‘என் எண் அல்ல’, ‘தேவையில்லை’, ‘தேவை’. இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களில் ஒருவர் 9 சிம் வரை வைத்துக்கொள்ளலாம். இந்த மலையில் இது ஏன் முக்கியம் என்றால், இங்கே ஆதார் நகல் கைமாறிக்கொண்டே இருக்கிறது. தோட்ட வேலையில் சேர ஒரு நகல், லைன் வீட்டுக்கு ஒன்று, சிம் கடையில் ஒன்று, கேஸ் இணைப்புக்கு ஒன்று. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு வந்திருக்கிற தொழிலாளர்களும் இப்படித்தான் நகல் கொடுத்து சிம் வாங்குகிறார்கள். அந்த நகலில் இன்னொருவர் சிம் எடுத்து மோசடி செய்தால், விசாரணை முதலில் வந்து நிற்பது ஆதாருக்கு உரியவர் வாசலில். அதனால் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுவது மற்ற எல்லாவற்றையும்விட அவசரம். ஒரு எச்சரிக்கை: அப்பா பெயரில் எடுத்த சிம்மை மகள் கோயம்புத்தூர் கல்லூரியில் வைத்திருக்கலாம், அம்மாவின் வங்கிக் கணக்கும் அதே எண்ணோடு இணைந்திருக்கலாம். பட்டியலில் எண்கள் முழுதாகத் தெரியாது. வீட்டில் எல்லாரிடமும் கேட்டுவிட்டுத்தான் ‘என் எண் அல்ல’ என்பதைத் தொட வேண்டும்.

அடுத்தது சக்‌ஷு. அழைப்பு, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் மூன்றில் எதில் வந்தது, எந்த வகை, எப்போது என்று குறித்துப் படத்தை இணைத்து அனுப்பலாம். போலி கேஒய்சி, அதிகாரி வேடம், வேலை ஆசை, கடன் ஆசை, ஆபத்தான இணைப்பு என்று வகைகள் நன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நிரப்ப ஓரிரு நிமிடம்தான். ஆனால் இதன் எல்லையைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். சக்‌ஷு, சந்தேகத்தைத் தெரிவிக்கும் இடம். பணம் போய்விட்டால் இங்கே எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் நிறுத்த அந்த எண்ணால்தான் முடியும், அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. மோசடி இல்லாத வெறும் விளம்பரத் தொல்லைக்கு வழி 1909. அந்த எண்ணுக்கு ‘ஸ்டார்ட் 0’ என்று ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் அனுப்பினால் எல்லா வகை விளம்பரமும் தடுக்கப்படும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2025 பிப்ரவரியில் விதியைத் திருத்தியதில், இத்தகைய விளம்பரத் தொல்லை பற்றிப் புகார் செய்யும் அவகாசம் 3 நாளிலிருந்து 7 நாளானது. இந்த மூன்று வாசலையும் செயலியின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் பிரித்துக் காட்டினால் எத்தனையோ பேர் தப்புவார்கள். பதற்றத்தில் இருப்பவருக்குச் சரியான வாசல் தெரியாது.

செயலி இல்லாமலே கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. நிறுவனங்களிடமிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ‘பி’ என்றால் விளம்பரம், ‘எஸ்’ என்றால் சேவை, ‘டி’ என்றால் பரிவர்த்தனை, ‘ஜி’ என்றால் அரசு. 2025 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வங்கியின் பெயரைச் சொல்லிக்கொண்டு பத்து இலக்கச் சாதாரண எண்ணிலிருந்து வருகிற செய்தியை அப்படியே அழித்துவிடலாம். விளம்பர அழைப்புகளுக்கு 140, வங்கி போன்றவற்றின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடக்க எண்களும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

கைபேசி தொலைந்தால் அந்தக் கருவிக்கே உரிய அடையாளமான ஐஎம்இஐ எண்ணை வைத்து அதை முடக்கும் வசதியும் செயலிக்குள் இருக்கிறது. அதற்குக் காவல்துறைப் புகார் நகல் வேண்டும், எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம் என்றும் கேட்கும். மலைப்பாதையில் போன் விழுந்தது தமிழகப் பக்கமா கேரளப் பக்கமா என்பது இங்கே நிஜமான கேள்வி. கடைசியாக எங்கே பேசினோம் என்பதை நினைவில் கொண்டு அந்தப் பக்கத்து நிலையத்தில் புகார் கொடுப்பதுதான் வழி. *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை இன்றே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கணினி பக்கம் வருவோம். மின்னஞ்சல் குப்பைக்கு வயது அதிகம்: 1978 மே 3-ஆம் தேதி டிஇசி என்ற கணினி நிறுவனத்தின் கேரி தூர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அந்தக் குப்பை இந்த மலை வியாபாரத்தையும் விடுவதில்லை. ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னேலம் போடியிலும் புத்தடியிலும் நடக்கிறது. அதை நம்பிப் பிழைக்கும் அலுவலகங்களில் ஏலப்பட்டியலும் பில்லும் குப்பையோடு கலந்து கிடந்தால் நஷ்டம் பணமாகவே வரும். ஜிமெயிலில் தெரிந்த முகவரிகளுக்கு ஒரு ஃபில்டர் போட்டுத் தனி லேபிளில் விழ வையுங்கள். ‘ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே’ என்ற கட்டத்தையும் குறியிடுங்கள். நீங்களே சேர்ந்த கடைகளின் விளம்பரத்துக்கு ‘அன்சப்ஸ்க்ரைப்’ போதும். முன்பின் தெரியாதவர் அனுப்பியதில் அந்த இணைப்பைத் தொடக் கூடாது, முகவரி உயிரோடு இருக்கிறது என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். அதை ‘ஸ்பேம்’ என்று புகார் செய்வதே சரி. இன்னொன்று: பார்ட்டி திடீரென்று புதிய வங்கிக் கணக்கு எண்ணை மின்னஞ்சலில் அனுப்பினால், பழைய எண்ணில் பேசிக் குரலைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். எந்த ஃபில்டரும் இதைப் பிடிக்காது.

சஞ்சார் சாத்தியை நிறுவலாமா? சிம் பட்டியலுக்காகவும் தொலைந்த போனுக்காகவும் கட்டாயம் வைத்துக்கொள்ளலாம். குப்பை அழைப்பு மணி அடிப்பதையே நிறுத்திவிடும் என்று எதிர்பார்த்து நிறுவினால் ஏமாற்றம்தான், அது அந்த வேலையைச் செய்வதில்லை. சிக்னல் நிலையாக இருக்கும் போடியிலோ பூப்பாறையிலோ வைத்துப் பதிவை முடித்துவிட்டு மெட்டுக்கு ஏறுங்கள். அதோடு வீட்டில் உள்ள பெரியவர்களின் கைபேசியிலும் 1930 என்ற எண்ணை ஒரு பெயர் போட்டுச் சேமித்துக் கொடுங்கள்.