கால் சுற்று வித்தை

நேரான சாலையில் வண்டி நேராகத்தான் போகிறது. ஸ்டியரிங் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. நடுவிலிருக்கும் கம்பெனி லோகோவும் தலை சாய்த்துக் கிடக்கிறது. கை பழகிப்போய் வருஷக்கணக்கில் இப்படியே ஓட்டுபவர்கள் உண்டு. என்னால் முடியாது. அந்தக் கோணலை நேராக்கும் வேலை, வீல் அலைன்மென்ட் கடைகளில் நடக்கும் வேலைகளிலேயே நுட்பமானது என்பது என் எண்ணம்.

கோணல் தெரிவது கைக்கு முன்னால். அதன் காரணம் பெரும்பாலும் வண்டிக்கு அடியில். ஸ்டியரிங்கைத் திருப்பினால் பினியன் சுழன்று ரேக்கை இடமும் வலமும் தள்ளும். ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள டை ராடுகள் முன் சக்கரங்களைத் திருப்பும். பள்ளத்தில் இறங்கி ஒரு ராடு லேசாக வளைந்தாலும், புது டை ராடு எண்ட் மாட்டும்போது பழைய அளவு தவறினாலும், ரேக் நடுவில் இருக்கும்போது சக்கரங்கள் நேராக இருக்காது. சக்கரங்களை நேராக்க ரேக் ஒதுங்க வேண்டும். கூடவே ஸ்டியரிங்கும் சாயும்.

இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது: ஸ்டியரிங்கையே கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவது. தண்டில் 36 பற்கள் இருந்தால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி. சாய்வு 6 டிகிரி என்றால், மாட்டிய பிறகு எதிர்ப்பக்கம் 4 டிகிரி சாய்ந்து நிற்கும். ஏர்பேக் உள்ள வண்டியில் அந்த இடத்தில் கை வைப்பதே ஆபத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, ரேக் ஒதுங்கியபடியே இருக்கும்.

அதனால் என்ன என்று கேட்கலாம். வளைவில் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும். ம்யூனிக்கின் கோச்சு வண்டித் தயாரிப்பாளர் லாங்கென்ஸ்பெர்கர் கண்ட இந்த அமைப்புக்கு 1818-ல் இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்தவர் ருடால்ஃப் அக்கர்மேன். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இன்றைய காரிலும் ஏறத்தாழ அதே கணக்குதான். ரேக் நடுவில் நின்றால்தான் இந்தக் கணக்கு இரு பக்கமும் ஒன்றுபோல வரும். ஒதுங்கி நின்றால் இடது திருப்பம் ஒரு மாதிரி, வலது திருப்பம் வேறு மாதிரி.

நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை. காற்று பார்ப்பார், பிறகு சாவியை வாங்கிக்கொண்டு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார். நம் சாலைகள் மழைநீர் வடிய ஓரத்துக்குச் சரிந்திருப்பதால், எந்த வண்டியும் இடப்பக்கம் சற்றே ஒதுங்கும். அதைக் கழித்துப் பார்க்கத் தட்டையான ரோடு வேண்டும். வண்டி இழுக்கிறதா, ஸ்டியரிங் மட்டும் கோணலா என்று பிரித்தறிவதுதான் முதல் தேர்ச்சி. இழுத்தால் முன் டயர்களை இடம் மாற்றிப் போடுவார். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. பிறகு சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். மூட்டில் ஆட்டம் இருந்தால் எந்த செட்டிங்கும் நிற்காது.

மெஷினில் ஏற்றிய பிறகு, பவர் ஸ்டியரிங் வண்டியென்றால் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் லேசாக ஆட்டி, அது தானாக அமரும் இடத்தில் நேராக நிறுத்தி கிளாம்ப் போடுவார். பின் சக்கரங்களின் திசையை முதலில் பார்ப்பார். பின் ஆக்சில் கோணிக்கொண்டிருந்தால், அதைக் கணக்கில் எடுக்காமல் முன்பக்கம் எவ்வளவு சரி செய்தாலும் ஸ்டியரிங் நேராக நிற்காது.

இனி வருவதைக் குனிந்து பார்க்க வேண்டும். டை ராடின் மரையில் வயர் பிரஷ் ஓடுகிறது, எண்ணெய் இறங்குகிறது. ஒரு ஸ்பேனர் எண்டைப் பிடித்துக்கொள்ள, இன்னொன்று லாக் நட்டை விடுவிக்கிறது. ராடோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளாதபடி ரப்பர் பூட்டின் கிளிப் தளர்த்தப்படுகிறது. பிறகு ஒரு பக்கத்து ராடு கால் சுற்று நீள்கிறது. மறுபக்கத்து ராடு அதே கால் சுற்று குறைகிறது. டோ, அதாவது சக்கரங்கள் முன்பக்கம் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ திரும்பி நிற்கும் அளவு, சரியாக இருந்து ஸ்டியரிங் மட்டும் கோணலென்றால் இந்தச் சமன்தான் முழு மருந்து. இரு சக்கரங்களின் மொத்த டோ அப்படியே இருக்க, நடு மட்டும் இடம் மாறுகிறது. மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர் உள்ள ராடில் முழுச் சுற்று என்பது ஸ்டியரிங்கில் ஏறத்தாழ 10 டிகிரி. கால் சுற்று என்றால் இரண்டரை. சக்கரத்தில் கண்ணுக்கே தெரியாத அசைவு, கைப்பிடியில் பதினைந்து மடங்காகப் பெருகி வந்து நிற்கிறது. நட்டை இறுக்கும்போது ராடு மயிரிழை திரும்பிவிடும். தேர்ந்த கை அதை எதிர்பார்த்தே பிடிக்கும். இறுக்கிய பின் திரையை மறுபடி பார்க்கும்.

திரையில் எல்லா எண்ணும் பச்சையாக வந்த பிறகும் ஸ்டியரிங் கோணலாக இருக்க முடியும். மெஷின் அளப்பது சக்கரங்களை. கிளாம்ப் போட்ட கணத்தில் ஸ்டியரிங் நேராக இருந்ததா என்பது பெரும்பாலும் ஆளின் கண்ணைப் பொறுத்தது. அதனால்தான் அலைன்மென்ட் ரிப்போர்ட்டை நீட்டிவிட்டு ஒதுங்கும் கடையைவிட, "வாங்க சார், ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்று கூப்பிடும் மெக்கானிக்கை மதிக்கிறேன். எண்கள் சரியாக வந்தபின்னும் வேலை முடியவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் கேட்கும் கூலி எவ்வளவாக இருந்தாலும் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.