வினவிக் காத்திருக்கும் பாவை: மழலையர் தொலைக்காட்சியும் ஜொகூர்த் தமிழ்க் குழந்தையும்

முன்னுரை

மழலையர்க்கெனப் பாவைகளைக் கொண்டு ஆக்கப்படும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுள் ஒரு வகை, குழந்தையை நேரே நோக்கி வினா எழுப்புகிறது. விடைக்காகச் சற்றுக் காத்திருக்கிறது. பின்னரே மேலே தொடர்கிறது. ஊடாட்ட நிகழ்ச்சி எனப்படும் இவ்வகையை வெறும் பொழுதுபோக்கு எனக் கருதிக் கடந்துவிடுவதே நம் திறனாய்வு வழக்கமாக இருந்து வந்துள்ளது. சிறுவர் இலக்கியம் குறித்துக் கருத்தரங்குகளில் கட்டுரை படிக்கும் நாம், சிறுவர் நாள்தோறும் காணும் திரையைப் பற்றி அந்த அளவிற்கு எழுதியதில்லை.

அமெரிக்காவில் தோன்றிய 'செசாமி ஸ்திரீட்' நிகழ்ச்சியின் உத்தியைத் தமிழ்ப் பாவைக்கூத்து மரபோடு ஒப்புநோக்கி, ஜொகூர் மாநிலத் தமிழ்க் குழந்தைக்கு அது எவ்வாறு பொருந்தும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பாவை எந்தத் தமிழில் கேட்கிறது, கேட்டபின் யாருடைய விடைக்காகக் காத்திருக்கிறது என்னும் இரு வினாக்களே இத்தகைய நிகழ்ச்சியை மதிப்பிடுவதற்கு உரிய அளவுகோல் என்பது நம் கருத்து.

கூத்தில் கேட்போர் பங்கு

கயிற்றால் இயங்கும் மரப்பாவையை வள்ளுவர் உவமையாக ஆண்டுள்ளார் (குறள் 1020). உயிரில்லாத பாவை உயிருள்ளதுபோல் மயக்குவது அங்குக் குறையாகக் கூறப்படுகிறது. ஆனால், குழந்தையின் உலகில் அம்மயக்கமே உரையாடலின் வாயில். பாவையை இயக்கும் கையைக் கண்டபின்னும் குழந்தை கையோடு பேசுவதில்லை, பாவையோடுதான் பேசுகிறது.

மு. இராமசாமி முதலியோரால் ஆராயப்பெற்ற தமிழகத் தோல்பாவைக் கூத்தில் இராமகதையே பெருவழக்கு. எனினும், கேட்போரை ஈர்த்து வைப்பவர்கள் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ஆவர். இராமனும் இராவணனும் காவியத்திற்குள் நின்று பேச, இவ்விருவரும் திரையைக் கடந்து ஊராரோடு பேசுகின்றனர். அவர்கள் பேசுவது ஊரார் பேசும் தமிழ். அறியாமையும் தவறாகக் கேட்பதும் அவர்தம் இயல்பு. கேட்போர் திருத்துவதற்கும் சிரிப்பதற்கும் அங்கே இடம் உண்டு.

ஜொகூருக்கு இப்பண்பு புதியதன்று. பத்து பகாட், மூவார், பொந்தியான் வட்டாரங்களில் சாவக மரபினர் மிகுதி. அவர்தம் வாயாங் கூலிட் பூர்வா மகாபாரதக் கதையைத் தழுவியது. அதில் அரசர் உயர்நடையில் பேச, செமார், காரெங், பெத்ரூக், பாகோங் என்னும் பணியாளர்கள் அன்றாட மொழியில் பேசுவர். கிளந்தான் வாயாங்கில் பாக் டோகோலும் வாக் லோங்கும் இதே பணியைச் செய்கின்றனர். கேட்போரோடு உறவாடும் பாவை அன்றாட மொழியிலேயே பேசும் என்பது இம்மரபுகள் அனைத்திற்கும் பொதுவான நெறி எனலாம்.

வீட்டுக் கதைமரபிலும் இதனைக் காண்கிறோம். பாட்டி கதை சொல்லும்போது பேரப்பிள்ளை 'உம்' கொட்ட வேண்டும். 'உம்' நின்றால் கதையும் நிற்கும். கேட்பவரின் குரலைக் கதையின் உறுப்பாகவே நம் முன்னோர் கொண்டனர் என்பது இதனால் விளங்கும்.

செசாமி ஸ்திரீட்டின் காத்திருப்பு

செசாமி ஸ்திரீட் 1969 நவம்பர் 10ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஜோன் கான்ஸ் கூனி அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். பாவைகளை அளித்தவர் ஜிம் ஹென்சன். குழந்தைகள் பாவையையும் மெய்ம்மையையும் போட்டுக் குழப்பிக்கொள்வர் என அஞ்சிய வல்லுநர்கள், தெருக் காட்சிகளில் மனிதர் மட்டுமே இடம்பெற வேண்டும் எனக் கருதினர். அவ்வாண்டு கோடையில் பிலடெல்பியாவில் முன்னோட்டம் நடத்தியபோது, பாவைகள் இல்லாத அக்காட்சிகளில் குழந்தைகளின் கவனம் சிதறியது. அதன் பின்னரே பெரும்பறவை முதலிய பாவைகள் மனிதரோடு தெருவில் உலவத் தொடங்கின.

இந்நிகழ்ச்சியின் தொடக்கக் காலக் காட்சிகளுள் நம் ஆசிரியர்கள் ஊன்றிக் கருதவேண்டிய ஒன்றில் பாவையே இல்லை. நடிகர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் ஆங்கில நெடுங்கணக்கை மிக மெதுவாகச் சொல்கிறார். எழுத்து முதலில் திரையில் தோன்றும். ஓர் இடைவெளிக்குப் பின்னரே அவர் அதன் பெயரை ஒலிப்பார். முதன்முறை காணும் குழந்தை அவர் சொன்னபின் திருப்பிச் சொன்னது. பலமுறை கண்டபின், எழுத்தைக் கண்டவுடன் அவரை முந்திக்கொண்டு சொன்னது. நாளடைவில் எழுத்துத் தோன்றுமுன்பே அடுத்தது இன்னதென்று கூறியது. பின்சொல்லுதல், உடன் அறிதல், முன்னுணர்தல் என்னும் இம்மூன்று படிகளையும் சாத்தியமாக்கியது அந்த இடைவெளியே.

நம் எழுத்தறிவிப்பு முறையை இதனோடு ஒப்பிடுவோமாயின் ஒரு குறை புலப்படும். திண்ணைப் பள்ளிக் காலம் முதல் ஒருவர் சொல்லப் பலர் கூடித் திருப்பிச் சொல்வதே நம் முறை. அது முதற்படியிலேயே நின்றுவிடுகிறது. 247 எழுத்துகள் என அஞ்சப்படும் தமிழ் நெடுங்கணக்கோ முன்னுணர்தலுக்கு மிகவும் ஏற்றது. க, கா, கி என்னும் வரிசையின் ஒழுங்கை உணர்ந்த குழந்தை, ம என்றவுடன் மா, மி எனத் தானே தொடர இயலும். அக்குழந்தைக்கு நாம் அளிக்கவேண்டியது சற்று நேர மௌனமே.

1996இல் தொடங்கிய 'புளூஸ் குளூஸ்' இந்த மௌனத்தையே தன் அமைப்பாகக் கொண்டது. தொகுப்பாளர் வினவுவார், குழந்தைகள் விடைகூறும் அளவிற்குக் காத்திருப்பார். ஒரே பகுதி வாரத்தில் ஐந்து நாள்கள் தொடர்ந்து ஒளியேறியது. மீண்டும் மீண்டும் காணக் காணக் குழந்தைகள் விடையளிப்பது மிகுந்தது என்பதை அந்நிகழ்ச்சி குறித்த ஆய்வு 1999இல் காட்டியது.

திரையின் எல்லை

இத்தகைய நிகழ்ச்சிகளைப் போற்றுவோர் மறைக்கக்கூடாத உண்மை ஒன்றுண்டு. திரையிலுள்ள பாவைக்குச் செவியில்லை. குழந்தை வாய் திறவாதிருந்தாலும், தவறாகவே கூறினாலும், "சரியாகச் சொன்னாய்" என்றே அது பாராட்டும். உச்சிக்குடும்பனுக்கும் திரைப்பாவைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே. ரோஸ்பெரி, ஹெர்ஷ்-பாசெக், கோலின்காஃப் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிப்படுத்துகிறது. ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் நேரிலும் நேரலைக் காணொளி உரையாடலிலும் புதிய வினைச்சொற்களைக் கற்றனர். பதிவுசெய்த காணொளியில் கற்கவில்லை. தன் செயலுக்கேற்ப எதிர்வினை வருகிறதா என்பதைக் குழந்தை நுட்பமாக அறிகிறது.

ஆயினும், பழக்கம் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. லாரிசெல்லா, கோலா, கால்வர்ட் ஆகியோரின் 2011ஆம் ஆண்டு ஆய்வில், 21 மாதக் குழந்தைகள் தாம் அறிந்த எல்மோ பாவையிடமிருந்து, அறியாத பாவையிடமிருந்து கற்றதைவிட நன்கு கற்றனர். பாவை நிகழ்ச்சி பயன்தர அப்பாவை முதலில் குழந்தையின் தோழனாதல் வேண்டும் என்பது இதன் பொருள்.

செசாமி ஸ்திரீட் மற்றொரு வழியையும் கண்டது. பெரியோர்க்கே விளங்கும் நகைச்சுவையையும் புகழ்பெற்றோரின் வருகையையும் சேர்த்துத் தாயும் உடனமர்ந்து காணுமாறு செய்தது. பாவையால் கேட்க இயலாத விடையை அருகிலுள்ள தாய் கேட்கிறாள். ஊடாட்டம் திரைக்கும் குழந்தைக்கும் இடையே நிகழ்வதாகத் தோன்றினாலும், உண்மையில் அது குழந்தைக்கும் உடனிருப்பவருக்கும் இடையே நிகழ்கிறது.

ஜொகூர்க் குழந்தையின் நிலை

ஜொகூரின் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த குழந்தையைச் சுற்றிப் பல தமிழ்க்குரல்கள் இருந்தன. குளுவாங், லாபிஸ், கூலாய் வட்டாரத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் நகர்ப்புறத் தொடர்வீடுகளுக்கும் அடுக்ககங்களுக்கும் பெயர்ந்தபின் அக்குரல்கள் குறைந்தன. ஜொகூர் பாருவிலும் மாசாயிலும் விடியுமுன் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் பெற்றோர் இரவில் திரும்புகின்றனர். அக்குழந்தையிடம் தமிழில் ஒன்றைக் கேட்டு, விடைவரும் வரை காத்திருக்க எத்தனை பேர் உள்ளனர்?

திரை இவ்விடத்தில் நுழைகிறது. 2007இல் தோன்றிய 'உப்பின் இப்பின்' மலாய் அசைவூட்டத் தொடரில் ராஜுவும் அங்கிள் முத்துவும் நம் குழந்தைகள் விரும்பும் மாந்தரே. எனினும் அவர்கள் பேசுவது பெரும்பாலும் மலாய். செசாமி ஸ்திரீட் 2006இல் இந்தியில் 'கல்லி கல்லி சிம் சிம்' என்றும், 2008இல் இந்தோனேசியாவில் 'ஜாலான் செசாமா' என்றும் உருப்பெற்றது. இந்தியச் சிறுமி சம்கியும் இந்தோனேசிய ஓராங் ஊத்தான் தந்தானும் அவ்வம்மண்ணின் மொழியில் வினவினர். எல்மோவைப் போல் தலைமுறைகளைக் கடந்து நிலைத்து, தமிழில் வினவும் பாவை ஒன்று நம் குழந்தைகளுக்கு வாய்க்கவில்லை. கைப்பேசியில் தமிழ் மழலைப் பாடல்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன. பாடல் இனியது, ஆனால் அது தடையின்றி ஓடும் இயல்பினது. குழந்தை கேட்கிறது, ஆடுகிறது. விடைகூற வேண்டிய நிலை அதற்கு நேர்வதில்லை.

ஜொகூர் பாருவை அடுத்த பாலர் வகுப்பு ஒன்றில் நாம் கண்டதை ஈண்டுக் குறிப்பது பொருந்தும். ஆசிரியை காக்கை உருவக் கையுறைப் பாவை ஒன்றை அணிந்து, "நேத்து ராத்திரி நான் எங்க போனேன், சொல்லு பார்ப்போம்?" எனக் கேட்டுவிட்டுப் பேசாதிருந்தார். அதுவரை வாய் திறவாத ஒரு சிறுவன், "பாசார் மாலாம்!" என்றான். காக்கை, "ஓ, ராத்திரிச் சந்தைக்கா! அங்க என்ன வாங்கினேன்?" என்றது. அவன் உடனே, "ராத்திரிச் சந்தையில மீன் வாங்கின" என்றான். யாரும் திருத்தவில்லை, சொல் அவன் வாயில் ஏறிவிட்டது. விடையறிந்த ஆசிரியை கேட்டால் அது சோதனை. விடையறியாத காக்கை கேட்டால் அது பேச்சு.

எந்தத் தமிழ்?

அக்காக்கை, "நேற்று இரவு யான் எங்குச் சென்றேன்?" என வினவியிருக்குமாயின் அச்சிறுவன் மௌனமாகவே இருந்திருப்பான். பேச்சுத்தமிழைத் திரையில் ஏற்றினால் எழுத்துத்தமிழ் கெடும் என்னும் அச்சம் நம் ஆசிரியரிடையே நிலவுகிறது. அவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று, மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் திருந்திய தமிழைப் பேணியே தம்மைக் காத்துக்கொண்டன. எனினும் கொச்சை வேறு, பேச்சு வழக்கு வேறு. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு, தமிழ் வாழும் மொழியாக நிலைபெறப் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்குமாறு பரிந்துரைத்தது.

இச்சிக்கலுக்குக் கூத்து மரபே தீர்வு காட்டுகிறது. அங்கு இருவகைத் தமிழும் ஒரே திரையில் வாழ்ந்தன. கதைக்குள் இராமன் உயர்தமிழில் பேசினான். கேட்போரோடு உச்சிக்குடும்பன் ஊர்த்தமிழில் பேசினான். ஒன்று மற்றதை அழிக்கவில்லை. நமக்கென உருவாகும் பாவை நிகழ்ச்சியிலும் கதை சொல்லும் பாவை எழுத்துத்தமிழிலும், கேள்வி கேட்கும் பாவை பேச்சுத்தமிழிலும் பேசலாம். இரண்டையும் இடமறிந்து ஆளும் திறனைக் குழந்தை அதன்வழியே பெறும்.

முடிவுரை

நாட்டில் 2021 பிப்ரவரி 17ஆம் நாள் டிடிக் டிவி தொடங்கப்பட்டபோது, பள்ளிகள் மூடிய காலத்தில் திரையும் வகுப்பறையாகக்கூடும் என்பதை அனைவரும் உணர்ந்தோம். அத்திரையில் தமிழ் மழலையர்க்கு நிகழ்ச்சி ஆக்க முன்வருவோர், பாவையின் அழகுக்கும் ஒளியமைப்புக்கும் முன்பாக மூன்றினை உறுதிசெய்தல் வேண்டும்: பாவை குழந்தையின் வீட்டுத்தமிழில் வினவவேண்டும், வினவியபின் குழந்தை விடைதேடும் அளவிற்குக் காத்திருக்க வேண்டும், உடனமர்ந்திருக்கும் பாட்டியையும் அந்நிகழ்ச்சி சிரிக்கவைக்க வேண்டும். பாட்டி சிரித்தால் உடனிருப்பார். உடனிருந்தால் பாவைக்குக் கேளாத விடை அவர் செவிக்கு எட்டும்.

அந்நிகழ்ச்சி வரும்வரை நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. ஒரு பழைய காலுறையும் இரு பொத்தான்களும் போதும், எந்தப் பாலர் வகுப்பிலும் ஒரு காக்கை பிறந்துவிடும். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாதிருக்க மட்டும் ஆசிரியர்களாகிய நாம் பழகிக்கொள்ள வேண்டும்.