விகுதி வழங்கும் தண்டனை

ஆடு திருடினான் ஒருவன், அகப்பட்டான், அடைக்கப்பட்டான். ஆயிரம் குடும்பங்களின் சேமிப்பைச் சுருட்டினார் ஒருவர், கைது செய்யப்பட்டார், நெஞ்சு வலிப்பதாகக் கூறினார், மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டார். ஒரே ஏடு, ஒரே பக்கம், இரு செய்திகள். வகுப்பிலே இவற்றை உரக்கப் படித்த மாணவன் ஒருவன் தலை நிமிர்ந்து, "ஐயா, ஆடு திருடியவருக்கு மட்டும் ஏன் 'ன்' போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டான்.

இலக்கணம் கற்பிக்கச் சென்ற நாம் திகைத்து நின்றோம். ஒருவரைப் பன்மையால் சுட்டுவது வழக்கிலே உள்ள உயர்சொல்லேயன்றி இலக்கண நெறி அன்று எனத் தொல்காப்பியர் கூறிச் சென்றார். இலக்கணம் தராத மரியாதையை எவருக்கு ஈவது, எவருக்கு மறுப்பது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? ஆங்கிலத்திலே குற்றச் செய்தி எழுதுவோனுக்கு இந்தத் தொல்லை இல்லை. தமிழிலே எழுதுவோன் வினைமுற்றை முடித்தாக வேண்டும். முடிக்கும்போதே தீர்ப்பும் எழுதியாக வேண்டும்! நீதிபதி நாற்காலியில் அமருமுன்பே விகுதி அமர்ந்துவிடுகிறது. நூறாண்டுக் குற்றச் செய்திகளை இந்த ஓரெழுத்தால் அளந்து பார்த்தாலென்ன என்று தோன்றிற்று.

1919இல், சென்னை நியூயிங்டன் மாளிகையிலே, இளம் ஜமீன்தார்களுக்குக் கல்வி புகட்டிவந்த டிலாஹே என்ற வெள்ளையர் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே பேசிற்று, ஏடுகள் எழுதின. குற்றம் சாட்டப்பெற்றவர் ஜமீன் வாரிசு. வழக்கு பம்பாய் வரை சென்றது. 1920இல் விடுதலை கிடைத்தது. அதே 1920 ஏப்ரலில், குற்றப் பரம்பரைச் சட்டப்படி கைரேகை பதிக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது துப்பாக்கி பேசிற்று. பிறந்த குழந்தைக்குக்கூடக் குற்றவாளிப் பட்டம் சூட்டிய சட்டம் அது! 1871இல் பிறந்த அச்சட்டம் இந்தியா முழுமையிலும் ஒழிய 1952 ஆயிற்று. 'இன்ன சாதியான் திருடினான்' என்று எழுதுவதற்குச் சட்டமே மை ஊற்றித் தந்த காலத்தில், பேனாவை மட்டும் நொந்து பயன் என்ன?

1942இல் சி. பா. ஆதித்தனார் 'தினத்தந்தி'யைத் தொடங்கினார். கற்றோர் கண்டு களித்த நடை போய், கடை வாயிலிலே ஒருவர் படிக்க ஒன்பது பேர் கேட்கும் நடை வந்தது. கொலையும் கொள்ளையும் தலைப்பிலே ஏறின. "கீழ்த்தரச் சுவை" என்று முகம் சுளித்தனர் மேட்டுக்குடியினர். நாம் சுளிக்கமாட்டோம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய உழைப்பாளி, காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் நடப்பதைத் தன் மொழியிலே அறிந்தான் என்றால், அது சிறிய ஆதாயம் அன்று. ஆனால் அவன் ஆவலுடன் படித்த அந்தப் பத்தியிலேதான் அவனைப் போன்றவன் 'ன்' ஆகக் கிடந்தான் என்பதையும் மறைப்பதற்கில்லை.

விகுதி ஏறவும் இறங்கவும் கூடும் என்பதை இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு காட்டிற்று. திரையுலகினரின் அந்தரங்கத்தை 'இந்துநேசன்' ஏட்டிலே விற்றுப் பிழைத்த அவர், 1944 நவம்பரில் வேப்பேரியிலே குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் சிறைப்பட்டனர். 1945இல் தண்டனை, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை முறையீடு, 1947இல் விடுதலை. ஏறத்தாழ முப்பது திங்கள் சிறை! 'குற்றமற்றவர்' என்று நீதிமன்றம் உரைத்த பின்னும் பாகவதரின் பழைய புகழ் திரும்பவில்லை. ஏடுகள்மீது மட்டும் பழி சுமத்தோம். ஆனால் கைதான நாளின் முழக்கத்தை விடுதலை நாளின் செய்தி எந்நாளும் ஈடுசெய்வதில்லை. இதிலே பெரியதோர் எள்ளலும் உண்டு: அவதூறையே தொழிலாகக் கொண்டவரின் சாவு, அவதூறையே செய்தியாகக் கேட்கும் கூட்டத்தைப் பெருக்கிற்று.

1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசையிலே கருகின. மேல்முறையீட்டிலே உயர்நீதிமன்றம், செல்வம் படைத்த நிலக்கிழார்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பர் என்பது நம்பத்தக்கதன்று என்னும் கருத்துப்பட உரைத்து விடுவித்தது. மரியாதை விகுதி செய்தித்தாளிலே மட்டுமா குடியிருக்கிறது?

மாற்றமே இல்லையா எனின், உண்டு. 'கற்பழிப்பு' என்றொரு சொல்லை ஏடுகள் நெடுங்காலம் சுமந்தன. கொடுமை செய்தவன் கைவீசித் திரிய, அழிந்தது அவள் கற்பு! கற்பு பெண்ணுக்கு மட்டுமா என்று பெரியார் கேட்ட கேள்வி நாளேட்டின் வாயிலை எட்டப் பல பத்தாண்டுகள் பிடித்தன. இன்று 'பாலியல் வன்கொடுமை' என்கின்றனர். அவள் பெயரை வெளியிடுவது 1983 முதல் குற்றம். 'கௌரவக் கொலை' என்ற சொல்லும் தேய்ந்து 'ஆணவக் கொலை' நிலைத்துவருகிறது. கொன்றவனுக்குக் கௌரவம் தந்த சொல்லைத் தூக்கி எறிந்தது தமிழுக்குப் பெருமை. ஆயினும் 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையிலே காதல் மணம் புரிந்த இளைஞரைப் பட்டப்பகலில் வெட்டிச் சாய்த்த காட்சியைக் கண்காணிப்புக் கேமரா பிடிக்க, தொலைக்காட்சிகள் அதனைத் திரும்பத் திரும்ப ஓட்டின. சொல் திருந்திற்று, கண் திருந்தவில்லை.

இன்னொன்றையும் கூறியாக வேண்டும். மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிட முனைந்தபோது அதிகாரிகள் தடுக்க நின்றனர். அரசு முன்கூட்டியே தடுக்க இயலாது. பொது ஆவணங்களில் உள்ளதை எழுத ஒப்புதல் வேண்டியதில்லை என்று 1994இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. நூற்றாண்டு முழுதும் படர்க்கையிலே பேசப்பட்டவன் தன்மையிலே பேச வந்தான்! அவன் கூறியது மெய்யா பொய்யா என்பது வேறு. 'போலீசார் தெரிவித்தனர்' என்று முடியும் பத்திக்கு மறுபக்கமும் இருக்கக்கூடும் என்பதையே அது காட்டிற்று.

வகுப்புக்குத் திரும்புவோம். நாளேட்டின் குற்றச் செய்தி ஒன்றை நறுக்கி வந்து, நியாயமான விகுதியிட்டுத் திருத்தி எழுதுக என்று பணித்தோம். பெரும்பாலோர் திருடனைத் 'திருடியதாகக் கூறப்படுபவர்' ஆக்கி வந்தனர். கேள்வி கேட்ட அந்த மாணவனோ ஆட்டுச் செய்தியைத் தொடவே இல்லை. "நிதி நிறுவன அதிபன் பிடிபட்டான், நெஞ்சு வலிக்கிறது என்றான்" என்று எழுதிவந்தான். அந்தத் தாள் இன்னும் மதிப்பெண் இடப்படாமல் நம் மேசைமீது கிடக்கிறது.