ஏலத்துக்குப் போன சைக்கிள்களும் ஒரு புத்தகமும்

'சைக்ளிபீடியா' புத்தகம் என் கைக்கு வந்தது கொஞ்சம் தாமதமாக. 2011-இல் தேம்ஸ் அண்ட் ஹட்சன் வெளியிட்டது. வியன்னாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மிகாயேல் எம்பாகர் சேர்த்துவைத்திருந்த சைக்கிள்களில் நூறைப் பொறுக்கி எடுத்து, பெர்ன்ஹார்ட் அங்கெரர் எடுத்த படங்களோடு போட்டிருக்கிறார்கள். முன்னுரை பால் ஸ்மித், பிரிட்டிஷ் ஆடை வடிவமைப்பாளர், தீவிர சைக்கிள் ரசிகர். நான் இதைப் புரட்ட ஆரம்பித்தபோது அந்தத் தொகுப்பு ஏற்கெனவே கலைந்துவிட்டது. 2015 மே மாதம் வியன்னாவின் டோரோதேயம் ஏல நிலையத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட எம்பாகர் சைக்கிள்கள் ஏலத்துக்கு வந்தன. பாகப்பிரிவினைக்கு அப்புறம் பழைய கூட்டுக்குடும்ப ஃபோட்டோவைப் பார்க்கிற மாதிரிதான் நான் இந்தப் புத்தகத்தைப் பார்த்தேன். அதனாலேயே இதைப் பற்றி நான் சொல்வது, வந்த புதிதில் வாங்கியவர்கள் சொல்வதிலிருந்து வேறாக இருக்கலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். படங்கள் அபாரம். வெள்ளைப் பின்னணியில் முழுச் சைக்கிள், பக்கவாட்டில். அப்புறம் கிட்டத்தில் போய் எடுத்த துண்டுப் படங்கள்: ஒரு பிரேக் கட்டை, ஒரு லக் முனை, கியர் தள்ளும் கம்பி. தேர்வும் நன்றாக இருக்கிறது. பந்தய சைக்கிள்களாகவே அடுக்கிவைக்கும் வழக்கமான ரசனை இல்லை. மடக்கு சைக்கிள், சரக்கு சைக்கிள், இரட்டை இருக்கை சைக்கிள், குழந்தைகள் சைக்கிள் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. வியன்னாவிலேயே செய்த காப்போ கம்பெனியின் பனி சைக்கிள் ஒன்று இருக்கிறது. முன் சக்கரத்துக்குப் பதில் சறுக்குக் கத்தி, பின் டயரில் ஆணிகள். இதை யார் ஓட்டியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தில் இருந்துவிட்டேன்.

என் குறை அங்கேதான் ஆரம்பிக்கிறது. யார் ஓட்டினார்கள் என்பதுதான் புத்தகத்தில் இல்லையே. ஒவ்வொரு சைக்கிளுக்கும் நாடு, ஆண்டு, எடை, ஃபிரேம், கியர், பிரேக், டயர் என்று ஒரு தகவல் பட்டி. கூடவே வடிவமைப்பின் சிறப்பு பற்றிச் சில வரிகள். இவை எல்லாம் அந்த *மாடலை*ப் பற்றியவை. படத்தில் நிற்கிற அந்த *ஒரு* வண்டி எங்கிருந்து வந்தது, அதற்கு முன் யாரிடம் இருந்தது, எந்தப் பாகம் பிற்பாடு மாற்றப்பட்டது, ஃபிரேம் எண் என்ன? இதையெல்லாம் தேடினால் ஏமாற்றம்தான்.

தொகுப்பு ஒரே கூரையின் கீழ் இருந்தவரை இது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது. சேகரித்தவரிடம் கேட்டால் போச்சு. அவர் தலைக்குள்தான் அட்டவணை இருக்கும். வண்டிகள் ஒவ்வொன்றாக ஏலத்தில் பிரியும்போதுதான் சிக்கல். வண்டி போகும், ஆனால் அந்தத் தலைக்குள் இருந்தது கூடவே போகாது.

இதேரா என்று ஒரு பிளாஸ்டிக் சைக்கிள், சுவீடனில் செய்தது. புத்தகத்தில் பார்த்தால் எதிர்காலத்திலிருந்து வந்த மாதிரி இருக்கும். இதன் கதையே வேறு. 1982-இல் வில்ஹெல்மினா என்ற ஊரில் உற்பத்தி தொடங்கியது. பெட்டியில் பாகங்களாக வரும், வாங்கியவர் வீட்டில் பூட்டிக்கொள்ள வேண்டும். சில பெட்டிகளில் பாகம் குறைந்தது. ஃபிரேம் வளைந்து கொடுத்தது. 1985-இல் கடையைக் கட்டிவிட்டார்கள். மிச்சமான சரக்கில் பெரும்பகுதி கரீபியன் தீவுகளுக்குப் போனது, அங்கே உப்புக்காற்றில் துருப்பிடிக்காத வண்டி என்று நல்ல பேர் வாங்கியது! வடிவமைப்பாகப் பார்த்தால் இதேரா ஒரு தோல்வி. கடற்கரை ஊரில் தினமும் ஓட்டுகிற ஆளிடம் கேட்டால் அது நல்ல சைக்கிள். வெள்ளைப் பின்னணியில் நிறுத்திவைத்தால் இந்த இரண்டில் ஒன்றுகூடத் தெரியாது, விநோதம் மட்டும் தெரியும்.

பி.எஸ்.ஏ. பாராட்ரூப்பர் விஷயமும் இப்படித்தான். இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த மடக்கு சைக்கிள். இரண்டு கைத்திருகுகளைத் தளர்த்தினால் ஃபிரேம் நடுவில் மடங்கும். 1944 ஜூன் 6-ஆம் தேதி நார்மண்டிக் கரையில் கனடிய வீரர்கள் மடக்கு சைக்கிள்களைத் தூக்கிக்கொண்டு இறங்கும் புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். (நம் ஊரில் பி.எஸ்.ஏ. என்றால் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் போட்ட எஸ்.எல்.ஆர். தான் ஞாபகம் வரும். அதே பேர், இங்கே பள்ளிக்கூடத்துக்கும் டியூஷனுக்கும் போனது.) பாராட்ரூப்பரில் ஒன்று ராணுவக் கிடங்கிலேயே போரைக் கழித்ததா, கரை இறங்கியதா, போர் முடிந்து மலிவாக விற்றபோது ஒரு தபால்காரர் வாங்கினாரா என்பதெல்லாம் அந்தந்த வண்டியின் வரலாறு. எண்ணும் கைமாறிய விவரமும் இருந்தால்தான் அதைத் தேடவே முடியும்.

சைக்கிளைக் குறைப்பது புத்தகத்தைக் குறைப்பது மாதிரி இல்லை என்பதும் இங்கே ஒரு விஷயம். புத்தகம் அலமாரியில் சும்மா இருந்தாலும் புத்தகம்தான். சைக்கிள் சும்மா இருந்தால் டயர் வெடிப்பு விடும், ஹப்பில் கிரீஸ் இறுகிப் பிசினாகும், பிரேக் ரப்பர் கல்லாகும், ஒட்டுப்போட்ட பந்தய டயரின் பசை காய்ந்து பிடிப்பு போய்விடும். இருநூறு சைக்கிள் வைத்திருப்பவர் ஒரு நாள் விடாமல் தினம் ஒன்றை எடுத்து ஓட்டினாலும் ஒரு வண்டிக்கு வருஷத்தில் இரண்டு தடவைகூட முறை வராது. அதனால் 'இவ்வளவு அருமையான தொகுப்பைக் கலைத்துவிட்டாரே' என்ற புலம்பலில் எனக்கு உடன்பாடில்லை. விற்றது தப்பே இல்லை, எழுதாமல் விற்றதுதான்.

2013-இல் இந்தத் தொகுப்பிலிருந்து வியன்னாவின் எம்.ஏ.கே. அருங்காட்சியகத்திலும் அமெரிக்காவின் போர்ட்லண்ட் கலை அருங்காட்சியகத்திலும் கண்காட்சிகள் நடந்தன. சைக்கிளுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சிற்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்க்கப் பழக்கிவிட்ட பிறகு, சிற்பத்துக்குக் கேட்கிற கேள்வியையும் கேட்க வேண்டாமா? ஓவியம் விற்றால் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒரு சங்கிலி கேட்கிறார்கள். சைக்கிளுக்கு மட்டும் எடை சொன்னால் போதுமா?

இதற்கு நேர் எதிரான ஒரு ஏலம் அடுத்த வருஷமே நடந்தது. நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014-இல் இறந்தார். அவர் பெரிய சைக்கிள் பைத்தியம். அவர் பிள்ளைகள் 2016-இல் 87 சைக்கிள்களை இணைய ஏலத்தில் விட்டார்கள். ஆறு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பணம் உடல் குறைபாடுள்ள விளையாட்டு வீரர்களுக்கான ஒரு அறக்கட்டளைக்கும், வில்லியம்ஸின் நண்பர் கிறிஸ்டோபர் ரீவ் பெயரில் உள்ள அறக்கட்டளைக்கும் போனது. தாரியோ பெகோரெட்டி தன் கையால் செய்து வண்ணம் தீட்டிய இத்தாலிய ஃபிரேம்கள் அதில் இருந்தன, பிரமாதமான வேலை. ஆனால் வாங்கியவர்கள் பெகோரெட்டிக்கு மட்டும் அந்த விலை கொடுக்கவில்லை, 'அவர் ஏறி உட்கார்ந்த சீட்' என்பதற்கும் சேர்த்துத்தான்.

எம்பாகர் ஏலத்தில் ஆள் இல்லாத சைக்கிள். வில்லியம்ஸ் ஏலத்தில் சைக்கிளை மறைத்துக்கொண்டு ஆள். இரண்டில் எது மேல் என்று கேட்டால் எனக்கு இரண்டாவதுதான். அதில் ஒவ்வொரு வண்டிக்கும் குறைந்தபட்சம் ஒரு உண்மையான வரியாவது ஒட்டிக்கொண்டு போகிறது: இது இன்னாரிடம் இருந்தது. அந்த வரியைப் பேரன் காலத்திலும் படிக்கலாம். சுவாரசியமான முரண் என்னவென்றால், சைக்கிளைப் பற்றி அதிகம் அறிந்த தொகுப்பிலிருந்து போன வண்டி, நாளைக்கு யாரோ ஒருவர் வீட்டு கேரேஜில் பேர் தெரியாத பழைய வண்டியாக நிற்க வாய்ப்பு அதிகம்.

இதற்கு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனில் 1955-இல் தொடங்கிய வெட்டரன் சைக்கிள் கிளப் இருக்கிறது. பல பழைய கம்பெனிகளுக்கு அதை ஆராய்கிற ஒரு உறுப்பினர் இருப்பார். உங்கள் வண்டியின் ஃபிரேம் எண்ணையும் பாகங்களையும் சொன்னால், எந்தக் காலத்தது என்று கணித்துச் சொல்வார்கள். வண்டி யாரிடம் இருக்கிறது என்பது பிரச்சினையே இல்லை, பதிவு வேறிடத்தில் இருக்கிறது. பளபளப்பான படம் கிடையாது, ஆனால் தொகுப்பு கலைந்தாலும் இந்தப் பதிவு கலையாது. 'சைக்ளிபீடியா'வின் கடைசியில் நாலு பக்கம் ஒதுக்கி, நூறு வண்டிக்கும் எண்ணும் வாங்கிய இடமும் போட்டிருந்தால் போதும். பொடி எழுத்தில் போட்டிருந்தால்கூடச் சரி.

டோரோதேயம் பற்றி ஒரு சின்னத் தகவல். 1707-இல் பேரரசர் முதலாம் யோசப் அதை ஆரம்பித்தது அடகுக் கடையாக. அடகுக் கடைக்காரர் எந்தப் பொருளையும் சீட்டு எழுதாமல் உள்ளே வைப்பதில்லை.

புத்தகத்தை நான் விற்கப்போவதில்லை. அந்த ஏலத்தின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புத்தகத்தில் உள்ள எந்த வண்டி எந்த ஏல எண்ணில் போனது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துவருகிறேன். மடக்கு சைக்கிள் பகுதி இன்னும் முடியவில்லை.